ஷேகென் முந்திச் சொன்ன சேதி

ஆரல் கடலோரத்துக் கோஸ்குதுக் கிராமத்தில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும், அது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் ஷேகெனுக்குத் தெரிந்துவிடும். ஒட்டகம் குட்டி போட்டதா, பட்டாளத்துக்குப் போன பையன் ரயிலை விட்டு இறங்கினானா, மகள் பிரசவித்தாளா, எதுவானாலும் சரி. சைடுகார் வைத்த அவனுடைய மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கும். "சூயின்ஷி! சூயின்ஷி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவான். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், வெகுமதியை எடு என்று அர்த்தம். கேட்டவர் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் நல்ல சேதி கோபித்துக்கொண்டு வந்த வழியே போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை.

ஷேகென் வெகுமதிக்கு அலைந்தவன் இல்லை. ஒரு தொப்பி, ஒரு பொட்டலம் தேயிலை, ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு தயிர்க்கட்டி, எது கிடைத்தாலும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். சேதி கேட்டவர் முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். அவ்வளவுதான்.

அவனுக்கு உல்போசின் என்று ஒரு மதினி. பெரியப்பா மகன் தொரேபெக்கின் மனைவி. எங்கள் வழக்கப்படி வாழவந்த பெண் புருஷன் பக்கத்து ஆண்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ஆகவே ஆளுக்கொரு பட்டப்பெயரை அவளே வைத்துக்கொள்வாள். உல்போசின் வைத்த பெயர்கள் அந்தந்த ஆள் மீது ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகாது. ஷேகெனுக்கு அவள் வைத்த பெயர் காற்றுக்கால்.

தொரேபெக் படகுத் தலைவர். நல்ல தொப்பை, நல்ல குரல். இடுப்பில் வெள்ளிப் பூண் பதித்த ஒரு வாரைக் கட்டிக்கொண்டுதான் படகில் ஏறுவார். ஷேகென் மீன்பிடிக்கக் கற்றதே அந்தப் படகில்தான்.

அப்புறம் கடல் போய்விட்டது.

ஆரல் கடல் எங்களைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. ஆறு வரும் வழியில் பருத்திக்கென்று ஒருவரும் நெல்லுக்கென்று ஒருவரும் வாய்க்கால் வெட்டி வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் குடித்த மிச்சம் எங்களுக்கு வந்தது. பிறகு மிச்சமும் வரவில்லை. முதலில் காலையில் நடந்து போய்க் கடலைப் பிடித்தோம். பிறகு லாரியில் போனோம். பிறகு போய்ப் பார்த்தால் இருந்த தண்ணீரில் உப்புதான் இருந்தது, ஆறு கசிந்து வந்து சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மீன் மிஞ்சியிருந்தது. தொரேபெக்கின் படகு மணலில் சாய்ந்து நின்றது, அதன் நிழலில் ஒட்டகங்கள் படுத்து அசைபோட்டன. ஊர் ஊராக ஆட்கள் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தப் படகில் வந்தவன் இப்போது எதைச் சாப்பிடுகிறான் என்று அவர்களில் ஒருத்தனாவது கேட்டானா? இல்லை.

ஷேகென் நகரத்திலிருந்து ரொட்டி ஏற்றிவரும் லாரிக்கு ஓட்டுநராகப் போனான். தொரேபெக் எங்கேயும் போகவில்லை. தினமும் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறித் தெற்கே பார்ப்பார். ஒரு இலையுதிர் காலத்தில் அப்படிப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பின் எங்கள் வட்டாரத்து ஆட்களே ஒரு காரியத்தில் இறங்கினார்கள். பெரிய கடலை மீட்க நம்மால் ஆகாது, வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் சின்னக் கடலையாவது ஓடிப்போகாமல் தடுப்போம் என்று, இரண்டுக்கும் நடுவில் குறுகிக் கிடந்த இடத்தில் மணலைக் கொட்டி ஓர் அணை போட்டார்கள். ஷேகென் ரொட்டி லாரியை விட்டுவிட்டு டிப்பர் லாரிக்கு மாறினான். தண்ணீர் ஓரத்தில் ஒரு கழியை நட்டு வைத்திருந்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் கழியைக் காணோம். தண்ணீர் ஏறி அதை மூழ்கடித்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும், சரி, ஏறுகிறது, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இருந்திருப்பார்கள். ஷேகெனுக்கு அந்தப் பொறுமை ஏது? டிப்பரை அப்படியே நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

"சூயின்ஷி! கடல் வந்துடுச்சு! சூயின்ஷி!"

ஏறத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வரும்போல இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வந்துவிட்டது என்றான். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. சால்வை, ரேடியோ, தேநீர் கொதிக்கவைக்கும் சமோவர், கம்பளித் தொப்பி என்று சைடுகார் நிரம்பியது. ஒருவர் ஆட்டுக்குட்டியையே தூக்கி அதன் மேல் வைத்தார். அழாதவர்கள் இல்லை. உல்போசின் உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து புருஷனுடைய வெள்ளி இடுப்புவாரைக் கொண்டுவந்து ஷேகெனின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"மதினி, இது வேணாம். ஒரு சால்வை குடுங்க, போதும்."

"வாங்கிக்கோ, காத்துக்கால். இந்தச் சேதிக்குச் சால்வை பத்தாது."

அடுத்த வசந்தத்தில் அடித்த புயலில் மணல் அணை கரைந்து போனது. கடல் முன்பு ஒதுங்கிக் கிடந்த இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

ஷேகென் வாங்கியதையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றான். ஆட்டுக்குட்டியை விருந்து வைத்துத் தீர்த்திருந்ததால் அதற்குப் பதில் தன் ஆட்டை இழுத்துப் போனான். ஒருத்தர்கூட வாங்கவில்லை. கடைசியாக மதினி வீட்டு வாசலில் நின்றான்.

"எடுத்துக்குங்க மதினி. நான் சொன்னது பொய்யாப் போச்சு."

"அறிவிருக்கா உனக்கு? சூயின்ஷியத் திருப்பி வாங்கினா அந்தச் சேதியே வேணாம்னு அனுப்பி வச்ச மாதிரி. கடல் வேணாம்னு நான் சொல்லணுமா?"

"அப்ப நான் இத என்ன பண்றது?"

"வச்சிரு. நீ சொன்னத நெசமாக்கு." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "இனிமே நீ காத்துக்கால் இல்ல. அவசரத்தம்பி."

பெயர் அன்றைக்கே ஊர் பூராவும் பரவியது. ஷேகென் பழையபடி ரொட்டி லாரிக்குப் போனான். இடுப்புவாரைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தான், ஒருநாளும் கட்டவில்லை. திருமணத்தன்று கட்டச் சொன்னபோதும் கட்டவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க நேரும்போதெல்லாம் அவனுக்கு வெட்கத்தில் காது சூடாகும் என்று அவன் மனைவி ஜூபார் சொல்வாள். லாரி வந்துவிட்டது என்று சொன்னால்கூட ஊர்க்காரர்கள் விடுவதில்லை.

"கண்ணால பாத்தியா, காதால கேட்டியா?" என்பார்கள்.

தனக்கு மகன் பிறந்த சேதியை மாமியார் வீட்டில் போய்ச் சொன்னான் பாருங்கள், அதைத்தான் ஜூபார் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. வாசலில் நின்று, "அத்தை, ஜூபாருக்கு... ஒண்ணு வந்திருக்கு" என்று முனகினானாம். மாமியார் ரொட்டி வந்திருப்பதாக நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

பிறகு அரசாங்கம் கான்கிரீட்டில் நல்ல அணையாகக் கட்டியது. ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், ஷேகென் வாயைத் திறக்கவில்லை. அணை இருக்கிறது, அதில் நிற்கத் தண்ணீர் வேண்டுமே? தண்ணீர் மலைநாட்டில் பிறந்து, பருத்தி நாட்டைக் கடந்து, ஒவ்வொருத்தர் மதகையும் தாண்டி எங்களிடம் வர வேண்டும். ஆற்றங்கரை நாடுகள் எல்லாம் கூடி ஒரு கூட்டம் போட்டன, கரையோர ஊர்களிலிருந்தும் ஆள் வரலாம் என்றார்கள். எங்கள் ஊரில் போக யாருக்கும் மனமில்லை.

"அவசரத்தம்பி போகட்டும்" என்றாள் உல்போசின். "கடல் வந்துடுச்சுன்னு சொன்னது அவன்தான?"

ஷேகென் ஒரு மூட்டை கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான்.

பருத்தி நாட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். பெரிய மனிதர்கள் பேசினார்கள். ஒவ்வொருவரும் அடுத்த நாட்டை மரியாதையாகக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். உருப்படியான பேச்சு நடந்தது தேநீர் நேரத்தில், முற்றத்து முசுக்கொட்டை மரத்தடியில்தான். ஷேகென் கருவாட்டைப் பிரித்து வைத்தான். வாசனைக்கு வந்து உட்கார்ந்த இரண்டு பேர்: மலை அணைக்குக் கீழே இருக்கும் கிர்கிஸ் ஊரின் தலைவி புருல்ச்சா, கையில் முலாம்பழத்தோடு ஹொல்மாத் என்ற உஸ்பெக் மதகுக்காரர்.

"எங்க ஊர்ல பனிக்காலத்துல சூப்பு சட்டியிலயே உறைஞ்சிடும்" என்றாள் புருல்ச்சா. "கரண்ட்டு வேணும்னா அணையத் திறந்துதான ஆகணும்? உங்க மேல இருக்கிற கோவத்துலயா திறக்கிறோம்?"

"பனியில திறந்தா எனக்கென்ன பிரயோசனம் அக்கா? என் பருத்தி கம்பளி போத்திக்கிட்டுத் தண்ணி குடிக்குமா?" என்றார் ஹொல்மாத். ஷேகென் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்ப வேணும் தம்பி?"

"எங்களுக்கு எப்பத் திறந்தாலும் சந்தோஷம்தான் அண்ணே. வந்து சேரணும், அவ்வளவுதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கருவாடு குறையக் குறையப் பேச்சு நெருங்கி வந்தது. கீழே இருக்கிற நாடுகள் பனிக்காலத்துக்கு நிலக்கரி கொடுத்தால், மலையில் தண்ணீரைத் தேக்கி வைத்து வசந்தத்தில் விடலாம் என்றாள் புருல்ச்சா. ஹொல்மாத் நாடியைச் சொறிந்தார்.

"சரி. வசந்தத்துல வர்ற முதல் தண்ணிய என் மதகை மூடிட்டு இவனுக்கு விடுறேன்னே வச்சிக்குவோம். எதுக்கு விடணும்? மீன் ஆத்து வாயில வந்து முட்டையிட. ஆனா இவன் அங்க வலையோட உக்காந்திருப்பான். வயித்துல முட்டையோட வர்றத அப்படியே அள்ளிடுவான். என் வயல் காயணும், இவன் சட்டி நெறையணுமா?"

"வசந்தத்துல எங்க ஊர்ல ஒரு வலைகூட நனையாது!" என்றான் ஷேகென்.

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தான். யாரைக் கேட்டான்? வசந்தத்தில்தான் மீன் தானாக வந்து விழும், பனிக்காலத்தில் காய்ந்த வயிறுகள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கும். ஆனால் ஹொல்மாத் அதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு முலாம்பழத்தை வெட்டத் தொடங்கியிருந்தார். மரத்தடியில் பேசியதை மறுநாள் பெரிய மனிதர்கள் மண்டபத்தில் தாங்களே கண்டுபிடித்த மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போடட்டும், யார் போட்டால் என்ன.

ஊர் திரும்பியதும் ஷேகெனைப் பிடித்து உலுக்கினார்கள்.

"டேய், கடலுக்கு அணை கட்டினாங்களே, உன் வாய்க்கு ஒண்ணு கட்டக் கூடாதா?"

"எங்க வலைய முடக்கி வைக்க நீ யாருடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறுபடியும் முந்திக்கொண்டோம் என்று அவனுக்கே தெரியும். உல்போசின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"போன தடவை இவன் சொன்னது பொய்யானதுக்குப் புயல் காரணம். இந்தத் தடவை பொய்யானா யாரு காரணம்? நாம. எனக்கு அந்த அசிங்கம் வேணாம்." தன் வீட்டு வலையை எடுத்து வந்து வாசல் கம்பத்தில் தொங்கவிட்டாள். "கோடை வர்ற வரைக்கும் இது இங்க காயும். உங்க வலையும் உங்க வாசல்ல காயட்டும். யாரு வீட்டுக் கம்பம் மொட்டையா நிக்குதுன்னு நான் பாக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டேதான் தொங்கவிட்டார்கள். அந்த வசந்தத்தில் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் வலை ஆடும். உல்போசின் கெட்டிலும் மடக்கு நாற்காலியுமாக ஆற்று வாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் ஒருவன் கோட்டுக்குள் எதையோ அமுக்கிக்கொண்டு வந்தான். அவள் மருமகன்தான்.

"என்னப்பா, வயிறு இம்புட்டு வீங்கியிருக்கு? உனக்கு எப்ப பிரசவம்?"

கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் வலையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கம்பத்தில் மாட்டும்வரை அவள் பின்னாலேயே நடந்து போனாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் முயலவில்லை. ஊரில் எல்லாரும் மாவையும் பாலையும் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் ஆட்கள் அந்த விஷயத்தில் வார்த்தை தவறவில்லை.

மேலே இருந்தவர்களும் தவறவில்லை. பனி உருகும் சமயத்தில் ஷேகெனுக்குத் தொலைபேசி வரும்.

"தம்பி, விட்டாச்சு. உங்க நிலக்கரியில இந்த வருஷம் எங்க பிள்ளைங்க வெதுவெதுப்பாப் படிச்சாங்க" என்பாள் புருல்ச்சா.

சில நாள் கழித்து ஹொல்மாத் பேசுவார். "மதகை மூடிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கண்ணு முன்னாடி போகுது, வயிறு எரியுது. எடுத்துக்கோ தம்பி. வலை காயுதா?"

"காயுது அண்ணே. வேணா வந்து பாருங்க."

இப்படி வசந்தங்கள் போயின. ஆற்று வாய்க் குட்டைகளில் மீன்குஞ்சு பெருகியது. கோடையில் வலை விரித்தவர்களுக்கு மறந்துபோன மீன்களெல்லாம் கிடைத்தன. நகரத்தில் பூட்டிக் கிடந்த மீன் கிடங்கைத் திறந்தார்கள். கடல் மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு அந்தக் கோடு தடித்தது. ஷேகென் தினமும் போய்ப் பார்த்தான். ஒரு வருஷம் மலையில் பனி அதிகம், தண்ணீர் நிறைய வருகிறது என்று புருல்ச்சா சொல்லியிருந்தாள். ஹொல்மாத்தும் அதையே சொன்னார். ஷேகென் வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"என்னங்க, தொண்டையில முள்ளு மாட்டியிருக்கா?" என்றாள் ஜூபார்.

"இல்ல."

"அப்ப வாயத் திறந்து பேசுங்களேன்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

ஒருநாள் காலையில் அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருந்தது. வெளியே யாரோ ஓடி வரும் சத்தம், கூடவே தொண்டை கிழியும் கூச்சல்.

"சூயின்ஷி! கொழுந்தனாரே, சூயின்ஷி!"

வாசலில் உல்போசின். பாவாடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கையில் கெட்டில். மேல்மூச்சு வாங்கியது.

"என்ன மதினி? என்னாச்சு?"

"என் ஒட்டகத்தத் தேடிப் போனேன். நம்ம படகுக்குப் பக்கத்துல, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு என்னைய முறைக்குது. தண்ணி மொண்டு பாத்தேன். இந்தா பாரு." கெட்டில் மூடியைத் திறந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. "கடல் வந்துடுச்சு. நான் பாத்தேன், நான் சொல்றேன். எங்க என் சூயின்ஷி?"

ஷேகென் நுரையோடு அப்படியே நின்றான். ஜூபாருக்குத்தான் முதலில் புரிந்தது. உள்ளே ஓடிப் பெட்டியின் அடியிலிருந்து துணிச்சுருணையை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

அவன் துணியைப் பிரித்தான். வெள்ளி மங்கியிருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி மதினியின் கையில் வைத்தான்.

அவள் அதை அங்கேயே கோட்டின் மேல் கட்டிப் பார்த்தாள். கடைசித் துளையில் மாட்டியும் இடுப்பில் நிற்காமல் சரிந்தது.

"எம்புட்டுத் தொப்பை பாரு அந்த மனுசனுக்கு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஜூபார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஷேகெனும் அழுதான், நுரை வழிந்து சட்டையில் விழுந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் உல்போசின் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது சேதி சொன்னவளுக்குக் கிடைச்சது. நீ திருப்பிக் குடுத்தன்னு எவனாவது சொன்னா நான் சும்மா விட மாட்டேன். என்ன நிக்கிற, காத்துக்கால்? மத்த வீடெல்லாம் பாக்கி இருக்கு. போ."

மோட்டார் சைக்கிள் உதைத்த உதைக்கெல்லாம் இருமிவிட்டு அடங்கிப்போனது. ஷேகென் ஓடினான். ஆனால் ஊருக்குள் ஓடவில்லை, முதலில் எதிர்ப்பக்கம், மணலில் சாய்ந்து நின்ற படகைப் பார்க்க ஓடினான். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து தெருமுனை வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சூயின்ஷி! கடல் வந்துடுச்சு!"

கதவு பாதிதான் திறந்தது. பல வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

"கண்ணால பாத்தியா, காதால கேட்டியா?"

ஷேகென் வாசற்படியில் உட்கார்ந்து வலது கால் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். உள்ளே இருந்த தண்ணீர் கொட்டி அந்த வாசல் முழுவதும் ஓடியது.